தாயாரின் கையெழுத்தை எழுதிய கம்ப்யூட்டர்

நாலு வார்த்தை சொன்னால் போதும், கம்ப்யூட்டரே படம் போட்டுத் தந்துவிடுகிற காலம் இது. கல்யாணப் பத்திரிகையிலிருந்து கடைக் காலண்டர் வரை அது போட்ட படங்கள் வந்தாயிற்று. "இனிமேல் பிள்ளைகளை டிராயிங் கிளாஸுக்கு அனுப்புவது தண்டச் செலவு" என்று பேசுகிற அப்பாக்களும் இருக்கிறார்கள். என் அண்ணன் பெண்ணுக்குப் படம் வரைவதென்றால் உயிர். ஓவியக் கல்லூரியில் சேர வேண்டும் என்கிறாள். வீட்டில் அவளுக்குக் கிடைக்கும் பதில், "மெஷினே வரையற காலத்துல உனக்கு எதுக்கும்மா அந்தப் படிப்பு?" என்பதுதான். "ஏன் அத்தை, மெஷின் வரைஞ்சா நாம வரையறதுக்கு மதிப்பே இல்லாமப் போயிடுமா?" என்று என்னிடம் கேட்டாள்.

இந்தக் கேள்வி இன்று நேற்று முளைத்ததல்ல, சகோதரிகளே! அறுபது வருஷங்களுக்கு முன்னால், கம்ப்யூட்டர் முதன்முதலில் கோடு போடக் கற்றுக்கொண்ட நாளிலேயே ஓவியர்கள் இதைக் கேட்டுவிட்டார்கள். அந்த ஆரம்ப நாட்களில் கம்ப்யூட்டரைத் துணைக்கு வைத்துக்கொண்டு படம் வரைந்தவர்களில் ஒரு பெண்மணியும் உண்டு. அவர் பெயர் வேரா மோல்னார். அவர் கதையைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அதற்கு முன், மெஷின் எப்படிப் படம் போட்டது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோமா?

கணக்கு எப்படிக் கோடாகிறது?

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரை மேஜைமேல் வைக்க முடியாது. பீரோ பீரோவாக ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். பெரும்பாலானவற்றில் நாம் இன்று பார்க்கிற திரையே கிடையாது. சொல்ல வேண்டியதையெல்லாம் அட்டைகளில் துளை போட்டுக் கொடுக்க வேண்டும். ஓர் அட்டை என்றால் ஒரு வரி உத்தரவு. கட்டுக்கட்டாக அட்டைகளைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

படம் போட 'ப்ளாட்டர்' என்று வேறொரு யந்திரம். அதன் கையில் ஒரு பேனா இருக்கும். இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்குப் போ என்று எண்களைக் கொடுத்தால், பேனா காகிதத்தில் நகர்ந்து கோடு இழுக்கும். நாம் புள்ளிக் கோலத்தில், "மூணாவது வரிசையில அஞ்சாவது புள்ளியிலேர்ந்து இழு" என்று பெண்ணுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லையா? அதே சங்கதிதான். வரிசை ஓர் எண், புள்ளி ஓர் எண். இந்த இரண்டும் தெரிந்தால் காகிதத்தில் எந்த இடத்தையும் சொல்லிவிடலாம்.

எல்லாம் சொன்னபடியே நடந்தால் அதில் சுவாரசியம் ஏது? அதனால் கூடவே ஒரு குறும்பும் செய்தார்கள். "சதுரம் போடு, ஆனால் கொஞ்சம் சாய்த்துப் போடு. எவ்வளவு சாய்ப்பது என்பதற்கு ஒரு சீட்டுக் குலுக்கிப் பார்த்துக்கொள்" என்று யந்திரத்துக்கு உத்தரவு! எந்த எல்லைக்குள் சீட்டு விழலாம் என்பதை மட்டும் மனிதர் முடிவு செய்வார். அந்த எல்லைக்குள் எது விழும் என்பது போட்டவருக்கே தெரியாது.

ஜெர்மனியில் கியோர்க் நேஸ் என்ற கணித அறிஞர் 1968-ல் இப்படிப் போட்ட படம் ஒன்று இன்றும் பேர் சொல்கிறது. அதற்குச் 'சரளைக்கல்' என்று அர்த்தம் வரும் பெயர் வைத்தார். வரிசைக்கு 12 சதுரமாக 22 வரிசை. மேலே முதல் வரிசை பலகாரத் தட்டில் அடுக்கிய பர்பி மாதிரி அத்தனை ஒழுங்கு. கீழே வர வரச் சதுரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்து, சாய்ந்து, கடைசியில் கொட்டிக் கவிழ்த்த மாதிரி கிடக்கும். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

ஓவியர்களின் கோபம்

இதே நேஸ், 1965 பிப்ரவரியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் தம்முடைய கம்ப்யூட்டர் படங்களைக் காட்சிக்கு வைத்தார். உலகத்திலேயே அப்படி நடந்த முதல் கண்காட்சி அதுதான் என்று சொல்வார்கள். அதே வருஷம் ஏப்ரலில் அமெரிக்காவில் நியூயார்க்கிலும் ஒன்று நடந்தது.

ஸ்டுட்கார்ட் கண்காட்சிக்கு வந்த ஓவியர்களுக்கு முகம் சுண்டிவிட்டது. அவர்களில் ஒருவர் எழுந்து, "உங்கள் யந்திரம் என்னைப் போலவே, என் பாணியிலேயே வரையுமா?" என்று கேட்டாராம். நேஸ் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: தாராளமாக வரையும். ஆனால் நீங்கள் எப்படி வரைகிறீர்கள் என்பதை முதலில் எனக்கு ஒன்று விடாமல் விளக்கிச் சொல்ல வேண்டும்!

எவ்வளவு சாமர்த்தியமான பதில் பாருங்கள். "ரசத்துக்கு எவ்வளவு உப்பு?" என்று மருமகள் கேட்டால், "கைக்குத் தெரியும்டி" என்று சொல்கிறோமே, அந்தக் கைக்குத் தெரிந்ததை யார் விளக்குவது? விளக்க முடிந்ததை யந்திரம் செய்யும். விளக்க முடியாதது மனிதரிடமே தங்கிவிடும். முழு விவகாரமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த மைக்கேல் நோல் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். மோன்ட்ரியான் என்ற பெரிய டச்சு ஓவியர் 1917-ல் வெறும் படுக்கைக் கோடுகளும் நிமிர்ந்த கோடுகளுமாக ஓர் ஓவியம் போட்டிருந்தார். நோல் அதைக் கூர்ந்து பார்த்து, அதே தினுசில் கம்ப்யூட்டரை ஒரு படம் போட வைத்தார். இரண்டையும் பிரதி எடுத்து 100 பேரிடம் காட்டினார். எது கம்ப்யூட்டர் போட்டது என்று சரியாகச் சொன்னவர்கள் 28 பேர்தான். எது பிடித்திருக்கிறது என்று கேட்டால் 59 பேர் கம்ப்யூட்டர் படத்தையே காட்டினார்கள்!

"பார்த்தாயா, மெஷின் ஜெயித்துவிட்டது" என்று அவசரப்பட வேண்டாம். மோன்ட்ரியான் முதலில் வரையாமல் இருந்தால் நோலுக்கு எதைப் பார்த்து விதி எழுதத் தோன்றியிருக்கும்? எத்தனை கோடு, எங்கே நெருக்கம், எங்கே இடைவெளி என்று பார்த்து எழுதிய கண் மனிதக் கண் அல்லவா?

மனசுக்குள் ஒரு மெஷின்

இப்போது வேரா மோல்னாருக்கு வருவோம். 1924 ஜனவரியில் ஹங்கேரியின் தலைநகரம் புடாபெஸ்டில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது, பாலடோன் ஏரியில் சூரியன் அஸ்தமிப்பதைத் தினம் சாயங்காலம் கலர் சாக்குகளால் வரைவாராம். தினமும் அதே ஏரி, அதே சூரியன், அதே நிறங்கள். அலுத்துப் போகாதா? ஆகவே தமக்குத் தாமே ஒரு விதி வைத்துக்கொண்டார். நேற்று எடுத்த சாக்கை இன்று எடுக்கக் கூடாது, பெட்டியில் அதற்கு வலப்பக்கம் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும்! இந்தக் கதையை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்ப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்பே குழந்தைக்கு விதி போட்டு விளையாடும் புத்தி வந்துவிட்டது.

புடாபெஸ்டில் ஓவியம் படித்தார். 1947-ல் பாரிஸுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். கணவர் ஃபிரான்ஸுவா மோல்னார், படத்தைப் பார்க்கும்போது நம் கண் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்தவர். 1959-லிருந்து வேரா ஒரு புது முறையைக் கைக்கொண்டார். கம்ப்யூட்டர் எங்கே கிடைக்கும்? ஆகவே, "என்னிடம் ஒரு மெஷின் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்" என்று ஆரம்பித்தார். சின்னச் சின்ன விதிகளை எழுதி வைத்துக்கொண்டு, அவற்றை ஒன்று விடாமல் தம் கையாலேயே வரைந்து பார்த்தார். 'கற்பனை யந்திரம்' என்றே அதற்குப் பெயர் சூட்டினார். மெஷின் இல்லாமலே மெஷின் வேலை!

1968-ல் பாரிஸில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் நிஜக் கம்ப்யூட்டரைத் தொட வாய்ப்புக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 44. 'ஃபோர்ட்ரான்' என்கிற கம்ப்யூட்டர் பாஷையை உட்கார்ந்து கற்றுக்கொண்டார். நாற்பது தாண்டிவிட்டால் புதிதாக என்ன கற்பது என்று நாம் அலுத்துக்கொள்கிறோமே! அட்டையில் துளை போட்டுக் கொடுத்துவிட்டு, ப்ளாட்டர் வரைந்து முடிக்கும் வரை தம் படம் எப்படி வரும் என்று தெரியாமல் காத்திருப்பார்.

1974-ல் அவர் செய்த ஒரு வரிசைப் படங்களுக்கு 'ஒழுங்கு', 'ஒழுங்கின்மை' என்ற இரண்டு அர்த்தமும் ஒரே சொல்லில் வரும்படி பெயர் வைத்தார். சதுரத்துக்குள் சதுரம், அதற்குள் இன்னொரு சதுரம். அந்த மாதிரிக் கட்டங்கள் வரிசை வரிசையாக. சில இடங்களில் மட்டும் மூலைகள் லேசாக நழுவியிருக்கும். தறியில் நெய்த கட்டம் போட்ட துணியைக் காற்று அசைத்த மாதிரி இருக்கும். முழு ஒழுங்கும் அவருக்கு ஆகாது, முழு அலங்கோலமும் ஆகாது. ஒழுங்கில் ஒரே ஒரு சதவீதம் குலைந்தால் போதும், படத்துக்கு உயிர் வந்துவிடும் என்பது அவர் கண்டுகொண்ட ரகசியம்.

"கலையிலிருந்து மனிதத்தன்மையையே பிடுங்கி எறிந்துவிட்டாள்" என்று அந்த நாளில் அவரைத் திட்டினார்களாம். அவருடைய கட்சி நேர் எதிரானது. கையால் நூறு விதம் வரைந்து பார்க்க ஆயுசு போதாது. மெஷின் அலுக்காமல் நூறையும் போட்டுக் காட்டுகிறது. அதில் எது என் மனசில் இருந்தது என்று பொறுக்குவது நான் அல்லவா என்பார். புடவைக் கடையில் நூறு புடவையை விரித்துப் போடுவது கடைப் பையன்தான். ஆனால் "இதுதான்" என்று கை வைக்கிற ருசி யாருடையது?

அவருடைய முதல் தனிக் கண்காட்சி 1976-ல் லண்டனில் நடந்தபோது அவருக்கு வயது 52. புகழ்பெற்ற வெனிஸ் கலைவிழாவில் 2022-ல் அவருடைய படங்கள் இடம் பெற்றபோது வயது 98! நூறு வயது நிறைய ஒரே ஒரு மாதம் இருக்கையில், 2023 டிசம்பர் 7-ம் தேதி பாரிஸில் காலமானார்.

அம்மாவின் கடிதங்கள்

அவருடைய படைப்புகளில் என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. மகள் பாரிஸுக்குப் போய்விட்ட பிறகு, புடாபெஸ்டில் இருந்த தாயார் வாரா வாரம் கடிதம் போடுவார். பழைய காலத்துப் படித்த குடும்பத்துப் பெண்கள் எழுதும் அழகான, கூர்கூரான கையெழுத்து அது. வரியின் ஆரம்பத்தில் எழுத்துக்கள் கட்டுக்கோப்பாக நிற்கும். வரி முடியும் இடத்துக்குப் போகப் போகப் பதற்றப்பட்டுத் துள்ளும். வயது ஏற ஏற அந்தப் பதற்றமே கடிதம் முழுவதும் பரவியது. கடைசிக் காலக் கடிதங்களைப் படிப்பதே கஷ்டம். ஆனால் பார்ப்பதற்கு அவை அத்தனை அழகு என்று மகளுக்குத் தோன்றியது.

ஒரு நாள் கடிதங்கள் நின்றுபோயின. அம்மா போய்விட்டாள்.

வேரா என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கையெழுத்தின் போக்கைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தார். இடப்பக்கம் ஒழுங்காக ஆரம்பி, வலப்பக்கம் போகப் போக நடுக்கத்தைக் கூட்டு, கீழ் வரிகளில் இன்னும் கூட்டு என்று விதி எழுதினார். ப்ளாட்டரின் பேனா காகிதத்தில் வரி வரியாக ஓடியது. அதில் ஓர் எழுத்தையும் படிக்க முடியாது. வெறும் கோட்டு நெளிவுகள்தான். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் சாட்சாத் ஒரு கடிதம்! 1980-களில் இப்படி வரிசையாகச் செய்தார். அம்மாவின் கடிதங்களைத் தமக்குத் தாமே தொடர்ந்து எழுதிக்கொண்டதாக, 1995-ல் வெளியான ஒரு கட்டுரையில் அவரே சொல்கிறார்.

நேஸ் சொன்ன பதில் ஞாபகம் இருக்கிறதா? எப்படி வரைகிறீர்கள் என்று விளக்கினால் யந்திரம் வரையும் என்றாரே! அம்மாவின் கையெழுத்து எங்கே நிதானித்தது, எங்கே நடுங்கியது என்று விளக்கத் தெரிந்தவள், அதை வருஷக் கணக்கில் வாராவாரம் பிரித்துப் பார்த்த மகள்தான். யந்திரத்துக்கு அம்மாவும் தெரியாது, துக்கமும் தெரியாது. பேனா ஓடியது யந்திரத்தின் கையில், ஏக்கம் மகளுடையது.

தாம்பரத்தில் ஒரு கோல இலக்கணம்

வேரா பாரிஸில் சதுரங்களை அசைத்துக்கொண்டிருந்த அதே 1974-ல், நம் சென்னையிலும் ஒரு காரியம் நடந்தது. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, அவர் மனைவி ராணி சிரோமணி என்று இரண்டு பேராசிரியர்கள் இருந்தார்கள். இவர் புள்ளியியல், அவர் கணிதம். இவர்களும் கமலா கிரிதிவாசன் என்ற கணித அறிஞரும் சேர்ந்து, நம் வீட்டு வாசல் கோலத்தைப் பற்றி வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை வெளியிட்டார்கள். மூவரில் இருவர் பெண்கள் என்பதைக் கவனியுங்கள்!

பாஷைக்கு இலக்கணம் இருக்கிற மாதிரி கோலத்துக்கும் இலக்கணம் உண்டு என்பது அவர்கள் கண்டது. எழுத்து சேர்ந்து சொல்லாகி, சொல் சேர்ந்து வாக்கியம் ஆகிறதல்லவா? அதுபோல ஒரு சின்ன வளைவு, ஒரு சின்ன நெளிவு, இவை ஒன்றோடொன்று எப்படிச் சேரலாம் என்று விதி எழுதினார்கள். விதியைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் சின்னக் கோலம் பெரிய கோலமாகும். பின்னாளில் கம்பிக் கோலத்துக்கும் தனியாக இலக்கணம் வகுத்தார்கள். 1980-களில் கனடாவில் கம்ப்யூட்டரில் செடி கொடிகளை வளர்த்துக் காட்டிய அறிஞர் ஒருவர், கிருஷ்ணன் கால் கொலுசு என்று பெயர் கொண்ட நம் கோலத்தையும் அதே மாதிரி விதியால் வளர்த்துக் காட்டினார்.

பாட்டி எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதைப் படிக்கவில்லை. ஆனால் ஏழு புள்ளிக் கோலத்தைப் பதினைந்து புள்ளிக்குப் பெருக்க அவளுக்குத் தெரியும். அது கணக்கில்லாமல் வேறென்ன?

நீங்களும் செய்து பாருங்கள்

லீவு நாளில் குழந்தைகள், "போர் அடிக்குதும்மா" என்று நச்சரித்தால் செல்போனைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். இதைக் கொடுங்கள். நான் செய்து பார்த்ததுதான். கம்ப்யூட்டர் வேண்டாம், ஒரு கட்டம் போட்ட நோட்டு, பென்சில், ஸ்கேல், பரமபதம் ஆடுகிற பகடை ஒன்று, அவ்வளவே.

1. வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை, மொத்தம் 25 சதுரம் வருகிற மாதிரி இடம் குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு தடவை பகடையை உருட்டுங்கள். 1 அல்லது 2 விழுந்தால் சதுரத்தை நேராகப் போடுங்கள். 3 விழுந்தால் இடப்பக்கம் சாய்த்து. 4 விழுந்தால் வலப்பக்கம் சாய்த்து. 5 விழுந்தால் சதுரத்துக்குள் இன்னொரு சின்னச் சதுரம். 6 விழுந்தால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.

3. இரண்டாவது தாளில் விதியை மாற்றுங்கள். 1 முதல் 5 வரை எது விழுந்தாலும் நேர்ச் சதுரம், 6 விழுந்தால் மட்டும் சாய்த்து. முதல் படத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டாவதற்குத்தான் ஓட்டு அதிகம் விழுந்தது.

4. மூன்றாவது தாளுக்கு விதியைக் குழந்தையே எழுதட்டும். நீங்கள் வாய் திறக்காமல் அந்த விதிப்படி வரையுங்கள். இப்போது நீங்கள்தான் மெஷின், குழந்தைதான் ஓவியர்!

நாலு தடவை செய்து முடித்தபின், "எது ரொம்பப் பிடிச்சிருக்கு? ஏன்?" என்று கேளுங்கள். அந்த 'ஏன்' வரும்போதுதான் கலை ஆரம்பிக்கிறது.

படம் வரைகிற பெண்ணை, "மெஷின் இருக்கே, நீ எதுக்கு?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். விதியைப் பின்பற்ற மெஷின் இருக்கிறது. விதியை எழுதவும், எங்கே அதை ஒரு துளி குலைக்கலாம் என்று சொல்லவும், வந்த நூறில் ஒன்றைப் பொறுக்கவும் ஆள் வேண்டும். அந்தக் கண்ணும் கையும் பழகாமல் வராது. பழகுவதற்குத்தான் படிப்பு. டிராயிங் கிளாஸ் ஃபீஸ் தண்டமில்லை.

இன்னும் ஒரே ஒரு வார்த்தை. பரணில் இருக்கும் தகரப் பெட்டியிலோ சமையல் குறிப்பு நோட்டிலோ உங்கள் அம்மாவின் கையெழுத்து எங்காவது இருக்கும். அடுத்த தடவை ஒழிக்கும்போது பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். எடுத்துப் பாருங்கள். எந்த எழுத்தில் சுழி பெரிசு, எந்த இடத்தில் பேனாவை அழுத்தினாள், வரி முடிவில் கை எப்போது நடுங்க ஆரம்பித்தது என்று பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். அதைப் பார்த்துச் சொல்ல உங்களைவிட்டால் யாரும் இல்லை.